மலையோடை மீன்களைப் படித்த மாமேதை சுந்தர் லால் ஹோரா



நான் குடியிருப்பது மதுரை கே.கே. நகரில். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வண்டியூர்க் கண்மாய் வந்துவிடும். கண்மாயில் தண்ணீர் நிறைந்திருக்கும் நாட்களில், கரையோரம் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பதில் எனக்கு ஓர் ஆனந்தம். கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி என்று ஏதாவது ஒன்று துள்ளிக்கொண்டு வெளியே வரும்.

மீனுக்கும் நம் மதுரைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதா என்ன? பாண்டிய மன்னர்களின் கொடியில் இருந்தது மீன். நம் அன்னை மீனாட்சியின் பெயரிலேயே மீன் இருக்கிறது. அயிரை மீன் குழம்பு என்றால் வெளியூர்க்காரர்கள்கூட மதுரையைத்தான் நினைத்துக்கொள்வார்கள். இப்படி மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்த நமக்கு, மீனைப் பற்றி எவ்வளவு தெரியும்?

பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பில் மீனின் தகவமைப்பு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தகவமைப்பு என்றால், வாழும் இடத்துக்குப் பொருத்தமாக உடல் அமைந்திருப்பது. கரும்பலகையில் பெரிய மீன் ஒன்றை வரைந்து, செவுள், துடுப்பு, செதில் என்று குறித்துக்கொண்டே வந்தேன். அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். விடுமுறையில் கும்பக்கரை அருவிக்குப் போயிருந்தாளாம். அங்கே பாறையில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடும் இடத்தில் சின்னச் சின்ன மீன்கள் இருந்தனவாம். மனிதர்களையே இழுத்துப்போகும் வேகத்தில் அந்த மீன்கள் மட்டும் ஏன் அடித்துப் போகப்படவில்லை என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை, குழந்தைகளே! மீனுக்கு நீந்தத் தெரியும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் அவளுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான், அவள் கேட்ட அதே கேள்விக்காகப் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஓர் இந்திய விஞ்ஞானி இருந்தார் என்று தெரிந்தது. அவர் பெயர் சுந்தர் லால் ஹோரா. அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் மீனைப் பார்ப்போம்

ஹோராவைச் சந்திக்கும் முன், மீன் எப்படித் தண்ணீரில் வாழ்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் நடந்து பார்த்திருக்கிறீர்களா? இடுப்பளவு நீரில் நடப்பதே கஷ்டமாக இருக்கும். நீர் நம்மைத் தடுக்கிறது. மீனின் உடலோ முன்னும் பின்னும் குறுகி, நடுவில் பருத்துப் படகு போல இருக்கிறது. மேலே வழவழப்பான ஒரு பூச்சு. அதனால் நீரைக் கிழித்துக்கொண்டு சுலபமாகப் போகிறது. வாலை வீசி முன்னேறுகிறது. துடுப்புகளால் திரும்புகிறது, நிற்கிறது, சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ளத்தான் செவுள். வாய் வழியாக உள்ளே போகும் நீர், செவுளைத் தடவிக்கொண்டு வெளியேறும்போது, அதிலுள்ள ஆக்சிஜன் ரத்தத்தில் கலந்துவிடும். சந்தையில் மீன் வாங்கும்போது அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அது ஏன் அவ்வளவு சிவப்பு? ரத்தக் குழாய்கள் நிறைந்த இடம் அது!

பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் பலூன் போல ஒரு காற்றுப்பை உண்டு. அது மூழ்கிவிடாமலும் மேலே மிதந்துவிடாமலும், வேண்டிய ஆழத்தில் நிற்க உதவுகிறது. உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் பக்கக்கோடு, நீரில் ஏற்படும் சிறு அசைவையும் மீனுக்கு உணர்த்திவிடும். நம்மைப் போல மீனுக்குக் கண்ணிமை இல்லை. எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் கண்ணுக்கு இமை எதற்கு?

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். குளத்தில், கண்மாயில், மெதுவாக ஓடும் ஆற்றில் வாழும் மீனுக்கு இது போதும். ஆனால் மலையிலிருந்து பாய்ந்து விழும் ஓடையில்? அங்கே மிதந்தால் போச்சு! ஒரே நொடியில் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியானால் அங்கே வாழும் மீனின் உடல் எப்படி இருக்க வேண்டும்? ஹோராவின் வாழ்க்கையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

லாகூரில் ஒரு சந்திப்பு

சுந்தர் லால் ஹோரா 1896-ஆம் ஆண்டு மே மாதம் பஞ்சாபில் உள்ள ஹாஃபிஸாபாத் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஒன்றாக இருந்த இந்தியாவின் ஊர். இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஜலந்தரில் பள்ளிப் படிப்பு, லாகூரில் கல்லூரிப் படிப்பு. விலங்கியல் அவருக்கு மிகவும் பிடித்த பாடம்.

1919-ஆம் ஆண்டு, கல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர் லாகூர் கல்லூரிக்கு வந்தார். அவர் தாமஸ் நெல்சன் அன்னண்டேல். 1916-இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் முதல் இயக்குநர். நம் நாட்டில் என்னென்ன விலங்குகள், பறவைகள், மீன்கள், பூச்சிகள் இருக்கின்றன என்று தேடிக் கணக்கெடுப்பதுதான் அந்தத் துறையின் வேலை. இவ்வளவு பெரிய நாட்டில் அது சின்ன வேலையா? துடிப்பான இளைஞர்கள் அன்னண்டேலுக்குத் தேவைப்பட்டார்கள். ஹோராவின் அறிவும் ஆர்வமும் அவரைக் கவர்ந்தன. கல்கத்தாவுக்கு வரும்படி அழைத்தார்.

ஆறுகள் ஐந்து ஓடும் சமவெளியில் பிறந்த இளைஞர், கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். அங்கே அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைகளில் ஆயிரக்கணக்கான மீன்கள் காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துத் துடுப்பின் முட்களை எண்ணி, செதில்களை எண்ணி, வாயை அளந்து, படம் வரைந்து குறிப்பு எழுத வேண்டும். சலிப்பான வேலை என்று நமக்குத் தோன்றும். ஹோராவுக்குச் சலிக்கவில்லை.

1920-இலேயே, அதாவது தம் 24-ஆவது வயதில், தென்னிந்திய மலையோடை மீன் ஒன்றுக்குத் தனிப் பேரினம் ஒன்றை ஏற்படுத்திப் பெயர் வைத்தார். என்ன பெயர் தெரியுமா? பவானியா! ஆம், நீலகிரியின் அடிவாரத்தில் ஓடி வரும் நம் பவானி ஆற்றின் பெயர்தான். பஞ்சாபிலே பிறந்து, வங்காளத்திலே வேலை பார்த்த ஒருவர், தமிழ்நாட்டு ஆற்றின் பெயரை உலக அறிவியல் ஏட்டில் எழுதிவைத்தார். அந்தப் பேரினத்தில் ஒரு மீனுக்குத் தம் ஆசிரியர் அன்னண்டேலின் பெயரைச் சூட்டினார். குருதட்சணை கொடுப்பதில் இதுவும் ஒரு வகை!

குடுவையிலிருந்து ஓடைக்கு

குடுவைக்குள் இருக்கும் மீன் அசையாது. அது எப்படி நீந்தியது, எங்கே ஒளிந்தது, எதைத் தின்றது என்று அது சொல்லாது. இதை ஹோரா சீக்கிரமே புரிந்துகொண்டார். மீன் வாழும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார்.

வடகிழக்கே மணிப்பூருக்குச் சென்று ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன்களைச் சேகரித்தார். 1921-இல் மணிப்பூர் மீன்களைப் பற்றியும், அங்கே மக்கள் மீன் பிடிக்கும் முறைகளைப் பற்றியும் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் விலங்கியல் ஆய்வுத்துறையின் மீன், ஊர்வன, தவளைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 25தான்!

அடுத்து காசி மலைகள். பெயரைப் பார்த்துக் கங்கைக் கரையில் இருக்கும் காசி என்று நினைத்துவிடாதீர்கள். இது இன்றைய மேகாலயா மாநிலத்தில் உள்ள மலைத்தொடர். மழைக்குப் பெயர்போன சிரபுஞ்சி அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு மழையும் ஓடைகளாகப் பாறைகளில் இரைந்துகொண்டு இறங்கும். அந்த ஓடைகளில்தான் ஹோரா தம் கேள்விக்குப் பதில் தேடினார். கல்லைப் புரட்டிப் பார்த்தார். பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த மீன்களைக் கவனித்தார். மீன் மட்டுமல்ல, அதே ஓடையில் வாழும் தவளைக் குஞ்சுகளையும் பூச்சிப் புழுக்களையும்கூட விடவில்லை.

மூன்று குடும்பங்கள், ஒரே வேலை

ஹோரா கண்டதை நம் ஊர் மீன்களை வைத்தே சொல்கிறேன். கெண்டை, கெளுத்தி, அயிரை ஆகிய மூன்றையும் உங்களுக்குத் தெரியும் அல்லவா? இந்த மூன்று வகைகளுக்கும் மலையில் உறவினர்கள் உண்டு.

கெண்டையின் உறவு மீன் காரா. பெரிய நகரங்களில் தொட்டிக்குள் காலை வைத்தால் தோலைக் கொத்தும் குட்டி மீன்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மேற்காசியாவைச் சேர்ந்த ஒரு காரா மீன். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் காரா இனங்கள் உண்டு. இதன் வாய் தலைக்கு அடிப்பக்கம் இருக்கும். வாய்க்குக் கீழே, மோவாயில், சட்டைப் பொத்தான் போல வட்டமாக ஒரு தசைத் தட்டு. அதைப் பாறையில் அழுத்தி மீன் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்திலேயே பாசியைச் சுரண்டித் தின்னும்.

கெளுத்தியின் உறவு மீன் கிளிப்டோதோராக்ஸ். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். செதுக்கிய மார்பு என்பதுதான் அதன் பொருள். இந்த மீனின் மார்பில் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். பேருந்துச் சக்கரத்தின் டயரில் கோடுகோடாக வெட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மழையில் சாலை வழுக்கினாலும் டயர் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. இந்த மடிப்புகளும் அப்படித்தான் பாறையைப் பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாவது, அயிரைக்கு உறவான பலிடோரா மீன்கள். நம் பவானியாவும் இந்த வகைதான். இவற்றுக்கு மோவாயில் தட்டு இல்லை. மார்பில் மடிப்பும் இல்லை. பிறகு எப்படி? உடலின் அடிப்பக்கம் முழுவதும் சப்பாத்தி போலத் தட்டை. மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் விசிறி போல இரு பக்கமும் படுக்கைவாட்டில் விரிந்திருக்கும். முழு உடலையும் பாறையோடு சேர்த்துப் படுத்துக்கொள்ளும்.

பாறையை ஒட்டிப் படுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓடும் நீர் பாறையில் உராயும் இடத்தில் அதன் வேகம் குறைந்துவிடும். மேலே வெள்ளம் பாய்ந்தாலும், பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கில் இழுவை அவ்வளவு இருக்காது. புயல்காற்று அடிக்கும்போது நாம் தரையோடு குனிந்துகொள்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்!

மலையோடையின் அடியில் வாழும் இந்த மீன்களிடம் ஹோரா இன்னொன்றையும் கவனித்தார். குளத்து மீனுக்கு அவ்வளவு முக்கியமான காற்றுப்பை, இவற்றில் சுருங்கிச் சிறிதாகிவிட்டிருந்தது. மிதப்பதே ஆபத்து என்றால் பலூன் எதற்கு? பலிடோரா போன்ற மீன்களில் செவுளின் திறப்பும் அடிப்பக்கம் நீளாமல், பக்கவாட்டில் மட்டும் சிறியதாக இருந்தது. அடிப்பக்கம் திறந்திருந்தால் பாறையின் பிடி விட்டுப்போகும் அல்லவா? திறப்பு சிறியதாக இருந்தாலும் கவலை இல்லை. பாறையில் மோதி நுரைத்து வரும் குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறைய கலந்திருக்கும்.

இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடிக்க முடியாது. இருந்தும் மூன்றும் வயிறு தட்டையாகி, பாறையைப் பிடிக்கும் வழியைப் பெற்றிருக்கின்றன. அதே ஓடையில் வாழும் சில தவளைக் குஞ்சுகளுக்கும் பூச்சிப் புழுக்களுக்கும்கூட ஒட்டிக்கொள்ளும் உறுப்பு இருக்கிறது! ஓடை ஒரே கேள்வியைக் கேட்டது. ஒவ்வொரு குடும்பமும் தன் உடலைக்கொண்டு தனித்தனியே விடை எழுதியது.

மீன் ஆசைப்பட்டு உடலை மாற்றிக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளுக்குள்ளும் சிறு வேறுபாடுகள் இருக்கும். கொஞ்சம் தட்டையாக இருந்தது பிடித்துக்கொண்டு பிழைத்தது. மற்றது அடித்துக்கொண்டு போனது. பிழைத்தவற்றின் குஞ்சுகளிலும் அதே கதை. இப்படி எண்ணற்ற தலைமுறைகள் கடந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் உடல் வந்தது.

இந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி ஹோரா எழுதிய பெரிய கட்டுரையை, லண்டன் ராயல் சொசைட்டியின் ஏடு 1930-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே எடின்பரோ ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் இந்தப் பெருமையைப் பார்க்க ஆசிரியர் அன்னண்டேல் இல்லை. 1924-லேயே அவர் காலமாகிவிட்டார்.

ஒரு புதிர், ஒரு விடை, ஒரு பாடம்

நாடு முழுவதும் உள்ள மீன்களை ஒப்பிட்டுப் பார்த்த ஹோராவுக்கு ஒரு புதிர் தோன்றியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சில மலையோடை மீன்கள், அசாம் மலைகளிலும் மலேயா நாட்டிலும் வாழும் மீன்களுக்கு நெருங்கிய உறவாக இருந்தன. இடையிலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். பெரும்பகுதி சமவெளி. பாறையைப் பிடித்து வாழும் மீன், சமவெளியின் சேற்று ஆற்றில் இவ்வளவு தூரம் எப்படி வந்திருக்க முடியும்?

ஹோரா ஒரு விடை சொன்னார். இந்தியாவின் நடுவே இருக்கும் விந்திய, சத்புரா மலைகள் ஒரு காலத்தில் இன்னும் உயரமாகவும், கிழக்கு மலைகளோடு தொடர்ச்சியாகவும் இருந்திருக்கலாம். மழையும் ஓடைகளும் அதிகம் இருந்திருக்கலாம். அந்த மலைப்பாதை வழியாக மீன்கள் தலைமுறை தலைமுறையாகத் தெற்கே வந்திருக்கலாம் என்றார். இதற்கு சத்புரா கருதுகோள் என்று பெயர். 1949-இல் இதைப் பற்றிப் பேசுவதற்கென்றே அறிஞர்கள் கூடினார்கள்.

அது சரியா? பின்னால் வந்தவர்கள் மலையின் பாறைகளை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சத்புரா அவ்வளவு உயரமாக இருந்ததற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. எனவே ஹோரா சொன்ன விடையை இன்று பலர் அப்படியே ஏற்பதில்லை. வேறு வழிகளில் விளக்கம் தேடுகிறார்கள்.

அப்படியானால் ஹோரா தோற்றுவிட்டாரா? இல்லை, குழந்தைகளே! அவர் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றிப் படிக்கிற ஒவ்வொருவரும் ஹோராவிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். தேர்வில் தவறான விடை எழுதினால் மதிப்பெண் போய்விடும். அறிவியலில் அப்படி இல்லை. சரியான கேள்வியைக் கேட்டு, நேர்மையாகச் சான்று தேடினால், விடை பின்னால் திருத்தப்பட்டாலும் உழைப்பு வீண் போகாது.

வெள்ளம் கொண்டுபோன குடுவைகள்

இரண்டாம் உலகப்போர் வந்தது. கல்கத்தாவில் குண்டு விழும் என்ற அச்சம். 1942-இல் விலங்கியல் ஆய்வுத்துறையின் சேகரிப்புகளை எல்லாம் பனாரஸுக்கு, அதாவது இன்றைய வாரணாசிக்குக் கொண்டுபோனார்கள். குண்டுக்குத் தப்பிய குடுவைகள் வெள்ளத்துக்குத் தப்பவில்லை! 1943-இல் வருணை ஆறு பெருக்கெடுத்து அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது. பல்லாண்டு உழைப்பில் சேர்த்த உயிரினங்களில் பெரும் சேதம். ஓடும் நீரைப் படித்துக்கொண்டிருந்தவரின் துறைக்கு ஓடும் நீராலேயே இழப்பு!

அந்தக் காலத்தில் ஹோரா வங்காள மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தார். 1943 வங்காளத்துக்குப் பஞ்சம் வந்த ஆண்டு. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். மீனைப் பற்றிய அறிவு புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, மக்களின் தட்டுக்கும் வர வேண்டும் என்பதை அந்தக் காலம் எல்லோருக்கும் உணர்த்தியது. குளங்களில் மீன் வளர்ப்பது பற்றி ஹோரா நிறைய எழுதினார். மீன் வளர்ப்புக்காக அவர் தயாரித்த கையேட்டை, அவர் மறைந்த பிறகு டி.வி.ஆர். பிள்ளை முடித்துக்கொடுக்க, 1962-இல் வெளிவந்தது.

1947-இல் நாடு விடுதலை அடைந்தது. பிரிவினையும் வந்தது. ஹோரா பிறந்த ஹாஃபிஸாபாத்தும், படித்த லாகூரும் வேறு நாட்டுக்குப் போய்விட்டன. அதே ஆண்டில்தான் விலங்கியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. வெள்ளத்தில் பாழான சேகரிப்பை வைத்துக்கொண்டு, புது நாட்டுக்கான துறையை அவர் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. மனம் தளராமல் செய்தார்.

1951, 1952 ஆகிய ஆண்டுகளில் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். அந்த நாற்காலியில் அவருக்கு முன் அமர்ந்திருந்தவர் சத்யேந்திரநாத் போஸ். அவருக்குப் பின் அமர்ந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். நம் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த அதே கிருஷ்ணன்தான்! இரண்டு பெரிய இயற்பியல் அறிஞர்களுக்கு நடுவே, மீன்களைப் படித்த ஒருவர்.

கடைசி ஆண்டுகளில் ஹோராவுக்கு இன்னொரு ஆர்வமும் இருந்தது. நம் முன்னோர் மீனைப் பற்றி என்ன அறிந்திருந்தார்கள் என்று பழைய நூல்களில் தேடினார். அசோகர் தம் தூண் கல்வெட்டில், கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியலில் மீன்களையும் சேர்த்திருக்கிறார். சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் காலத்து மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில், தூண்டில் போடுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இவற்றில் வரும் மீன்கள் எவை என்று ஹோரா ஆராய்ந்து எழுதினார். நம் சங்க இலக்கியத்திலும் கயல், வாளை, வரால், அயிரை என்று எத்தனை மீன்கள்! அவற்றை ஆராய உங்களில் ஒருவர் வரலாமே!

1955-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஹோரா காலமானார். அவருக்கு வயது 59.

அவர் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக இருந்திருந்தால் ஒரு நல்ல செய்தியைக் கேட்டிருப்பார். ஆற்றில் முட்டையிடும் பெரிய கெண்டை மீன்கள் குளத்தில் முட்டையிடுவதில்லை. அதனால் மீன்குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 1957-இல் ஹீராலால் சவுத்ரி, அலிகுஞ்ஞி ஆகியோர் ஒடிசாவில் ஊசி மருந்து செலுத்தி அவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளான ஜூலை 10-ஐத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

மீன்களில் வாழும் பெயர்

ஹோரா பல மீன்களுக்குப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் மீன்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கேரள ஆறுகளில் வாழும் மஞ்சள் நிறக் கெளுத்தி ஒன்றுக்கு ஹோராபாக்ரஸ் என்று பெயர். கோட்டயம் பக்கம் கிணறுகளில் ஓர் அதிசய மீன் உண்டு. நிலத்தடி நீரின் இருட்டிலேயே வாழ்வதால் அதற்குக் கண் கிடையாது. உடல் ரத்தச் சிவப்பு. 1950-இல் அதற்கு வைத்த பெயர் ஹோராகிளானிஸ். பாய்ந்து ஓடும் ஓடையில் காற்றுப்பை சுருங்கியது போல, வெளிச்சமே இல்லாத நீரில் கண் மறைந்துபோனது. ஹோராவின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடைக்குமா?

குழந்தைகளே, ஹோராவின் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு மீனின் உடலைக் கவனித்துப் பார்த்தால், அது எந்தத் தண்ணீரில் வாழ்கிறது என்று சொல்லிவிடலாம். வாய் மேல்நோக்கி இருந்தால் நீரின் மேற்பரப்பில் இரை தேடும். வாய் கீழே இருந்தால் அடித்தரையில் மேயும். கலங்கிய நீரில் கண் உதவாது என்பதால் கெளுத்திக்கு மீசை உண்டு. அந்த மீசையால் அது இரையின் ருசியை அறியும். சேறும் சகதியுமான நீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் விரால் மேலே வந்து காற்றை விழுங்கும்.

இதில் ஒரு கவலையும் ஒளிந்திருக்கிறது. ஒரு தண்ணீருக்காகப் பல லட்சம் ஆண்டுகளில் உருவான உடல், அந்தத் தண்ணீர் மாறிவிட்டால் என்ன செய்யும்? ஓடும் ஓடையைத் தடுத்துத் தேக்கினால் பாறையைப் பிடித்து வாழும் மீனுக்கு வேலை இல்லை. மணலும் மண்ணும் சரிந்து பாறையை மூடினால் ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. ஓடை வறண்டால் ஒன்றுமே இல்லை. நாம் ஓர் ஓடையை ஓராண்டில் மாற்றிவிட முடியும். மீனால் ஓராண்டில் தன் உடலை மாற்றிக்கொள்ள முடியாது.

ஆகவே, அடுத்த முறை அருவிக்குச் சுற்றுலா போகும்போது, சோப்பு, ஷாம்பு உறைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் ஓடையில் போடாதீர்கள். பெரியவர்கள் துணையோடு, வேகமில்லாத ஓரத்தில் நின்று பாறைகளைக் கவனியுங்கள். அருவி வாய்ப்பு இல்லையா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மீன் சந்தைக்குப் போங்கள். ஒவ்வொரு மீனின் வாய், மீசை, வயிறு, துடுப்பு எப்படி இருக்கிறது என்று நோட்டில் படம் வரையுங்கள். அது எந்தத் தண்ணீரில் வாழ்ந்திருக்கும் என்று நீங்களே ஊகித்து எழுதுங்கள். பிறகு மீன்காரரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

அன்று என் வகுப்பில் கேள்வி கேட்ட மாணவிக்கு, பதில் தெரிந்தபோது அவள் பள்ளியை விட்டே போயிருந்தாள். எங்காவது இருந்து இதைப் படித்தால், தாமதமாக வந்த விடைக்கு இந்த ஆசிரியரை மன்னித்துக்கொள்ளட்டும். நீங்களும் வகுப்பில் எழுந்து கேள்வி கேளுங்கள். ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வியாக இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள்!